தோழமை யாருடைய சொத்து?

கணினி விளையாட்டு என்ற பெயரைக் கேட்டதும் முகஞ் சுழிக்கும் ஆசிரியர்கள் எம்மிடையே பலர் உளர். மாணவர் கெட்டுப்போவதற்கு ஒரு காலத்தில் நாவலும், பின்னர் சினிமாவும், அதற்குப் பின்னர் தொலைக்காட்சியும் காரணமாகக் கூறப்பட்டன. இன்று அந்த இடத்திலே கைத்தொலைபேசியும் அதனுள் ஓடும் துப்பாக்கி விளையாட்டும் வைக்கப்பட்டுள்ளன. பழியேற்கும் பொருள் மாறியிருக்கிறதேயன்றிப் பழிசுமத்தும் மனப்பான்மை மாறவில்லை. இதற்கு நேரெதிராக, விளையாட்டுத் தொழிலை நடத்தும் பெருங் கம்பனிகளும் அவற்றின் விளம்பரகாரரும் வேறொரு பாட்டைப் பாடுகின்றனர். ‘இது ஒரு சமூகம், இது ஒரு குடும்பம், எல்லோரும் வருக’ என்பது அவர்தம் பல்லவி. ஒரு சாரார் வெறுங் கேடு என்பர். மறு சாரார் வெறும் இன்பம் என்பர். இரு சாராருமே சில கேள்விகளைக் கேளாது விடுகின்றனர். இணையத்திலே கூடி விளையாடும் இளைஞர், அவ்விளையாட்டையே கருவியாகக்கொண்டு கலைப்படைப்பொன்றை ஆக்கும்பொழுது, அக்கூட்டத்தை நடத்துவோர் யார்? அதன் பயன் யாரைச் சென்றடைகிறது? அது குலையும்பொழுது இழப்பவர் யார்?

முதலில் எமது ஆசிரிய நண்பர்களின் வாதத்தினை எடுத்துக்கொள்வோம். ‘விளையாட்டிலே ஆக்கம் எதுவுமில்லை, பொத்தானை அமுக்குவதற்கு மேல் அங்கு நடைபெறுவது ஒன்றுமில்லை’ என்பது அவர்தம் கூற்று. இக்கூற்று நடந்த வரலாற்றை அறியாமையாற் பிறந்ததாகும். விளையாட்டின் உள்ளேயே திரைப்படம் எடுக்கும் கலையொன்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகில் நிலவி வருகின்றது. மெஷினிமா என்பது அதன் பெயர். இயந்திரம், சினிமா என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை அது.

1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடி சொப்ட்வெயார் நிறுவனம் ‘குவேக்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆடுவோர் தமது ஆட்டத்தைப் பதிவுசெய்துகொள்ளும் வசதி அதிலிருந்தது. அப்பதிவிலே படங்கள் இருக்கவில்லை. யார் எவ்விடத்தில் நின்றார், எத்திசையில் நகர்ந்தார் என்னும் விவரங்களே இருந்தன. அதனைப் பெறுபவர் தமது கணினியிலுள்ள அதே விளையாட்டைக்கொண்டு காட்சியை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். இதனாற் கோப்பு மிகச் சிறியதாயிற்று. தொலைபேசிக் கம்பிவழியே ஊர்ந்து சென்ற அன்றைய இணையத்திலும் அதனை அனுப்ப முடிந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் ‘ரேஞ்சர்ஸ்’ என்ற ஆட்டக்குழுவினர் இவ்வசதியைப் பயன்படுத்தி, ‘டயரி ஒவ் எ கேம்பர்’ என்ற, இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு படத்தை ஆக்கினர். ஒளிந்திருந்து சுடும் ஒருவனைக் குழுவினர் தேடி அழிப்பதே கதை. கதை பெரிதன்று. ஆயின் அதிலே பார்வை எந்த ஆட்டக்காரனின் கண்ணிலும் தங்கியிருக்கவில்லை. தனியே நின்று காட்சியைத் தெரிந்தெடுக்கும் கமராவாக அது மாறியிருந்தது. வெல்வதற்கென அமைக்கப்பட்ட களத்தைச் சொல்வதற்குரிய களமாக ஒரு நண்பர் குழாம் மாற்றிவிட்டது. இதனை ஆக்கம் என்னாது வேறெதனை ஆக்கம் என்பது?

2003 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்து நண்பர் சிலர் ‘ஹேலோ’ என்னும் விளையாட்டில் ‘ரெட் வெர்சஸ் புளூ’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினர். ‘ரூஸ்டர் டீத்’ என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அவர்கள் வேலைசெய்த முறை எமது பாவைக்கூத்தை ஒத்தது. ஒருவருடைய திரை கமராவாக அமையும். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை இயக்குவர். தலைக்கவசத்துள் முகம் மறைந்திருப்பதால், பேசுபவன் யாரென்பதைத் தலையை அசைத்தே காட்டவேண்டும். குரல் தனியே பதிவுசெய்யப்பட்டுப் பின்னர் இணைக்கப்படும். ஒருவர் ஒரு கணம் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும். இத்தகைய படப்பிடிப்பிலே தனிமனித மேதைக்கு அதிக இடமில்லை. நேரந்தவறாமையும், பொறுமையும், மற்றவனுக்காகச் சும்மா நிற்கும் பண்புமே அங்கு வேண்டப்படுவன. போரிலே எந்நேரமும் துப்பாக்கியை நீட்டி நின்ற பாத்திரங்கள் 2004 இல் வெளிவந்த ‘ஹேலோ 2’ இல் ஆயுதத்தைத் தாழ்த்திப் பிடித்து உரையாட வழிசெய்யப்பட்டதற்கும் இவ்விளைஞரின் முயற்சியே தூண்டுதலாயிற்று.

இக்கலை நகைச்சுவையோடு நின்றுவிடவுமில்லை. 2005 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27 ஆம் திகதி, பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள கிளிஷி-சு-புவா என்னுமிடத்தில், பொலிசாருக்கு அஞ்சி ஓடி மின்நிலையமொன்றினுட் புகுந்த இரு சிறுவர் மின்தாக்கி இறந்தனர். அவர்கள் குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகள். பிரான்சின் புறநகர்கள் கொதித்தெழுந்தன. வாகனங்கள் எரிவதை உலகத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. எரிப்பவனின் மனத்தில் ஆண்டாண்டாக எரிந்தது யாதென்பதை அவை காட்டவில்லை. அப்பொழுது, முன்பு படமெடுத்துப் பழக்கமில்லாத அலெக்ஸ் ஷான் என்ற இளைஞர், ‘த மூவீஸ்’ என்னும் விளையாட்டைக்கொண்டு ‘த பிரெஞ்ச் டெமொகிரசி’ என்ற 13 நிமிடப் படத்தை ஆக்கி, அடுத்த மாதத்திலேயே வெளியிட்டார். வேலை மறுக்கப்படுவதும், வீதியில் மறித்துச் சோதிக்கப்படுவதும், நிறத்தாற் புறக்கணிக்கப்படுவதும் எவ்வாறு கலகமாக முற்றுகின்றன என்பதே அப்படத்தின் பொருள். அவ்விளையாட்டில் பாரிஸ் வீதிகள் கிடையா. அமெரிக்க நகரக் காட்சியே பின்னணியாக நின்றது. பாத்திரங்களின் அசைவு பொம்மைத்தனமானது. இருந்தும், கோடிக்கணக்கிற் பணஞ் செலவிடும் திரைப்படத் தொழில் வாய்திறவாதிருந்த வேளையில் ஒரு விளையாட்டு வாய்திறந்தது. கலையின் சமூகப் பயன்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இதனைக் காணாதிருத்தல் தகுமா?

‘எல்லாம் சரி, ஆனால் அது மனிதரைத் தனியராக்குகிறதே’ என்பர் சிலர். நோர்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரின் வாழ்க்கை இதற்கு விடைகூறும். தசைகள் நலியும் கொடிய நோயினால் சக்கரநாற்காலியில் முடங்கிய அவர் 2014 இல் 25 வயதில் இறந்தார். மகன் தோழமையின்றி வாழ்ந்து மறைந்தான் என்றே பெற்றோர் எண்ணினர். இறப்புச் செய்தியை அவர்கள் இணையத்தில் எழுதியதும், பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவிலே அவர் பலருக்கு உற்ற துணைவராக இருந்திருந்தார். அக்குழுவினர் சிலர் இறுதிச் சடங்குக்கு நேரிலேயே வந்தனர். குழு சேமித்துவைத்திருந்த உரையாடற் பதிவுகளையும் விளையாட்டின் உருவங்களையும்கொண்டு 2024 இல் ‘த ரிமார்க்கபிள் லைஃப் ஒவ் இபெலின்’ என்ற ஆவணப்படம் வெளியாயிற்று. இங்கு இரு செய்திகளை நாம் மனங்கொள்ளல் வேண்டும்: அந்தத் தோழமை உண்மையானது, அதனை உலகம் அறிந்துகொண்டமைக்குக் காரணம், யாரோ பதிவுகளைப் பேணிவைத்தமையாகும்.

*

இனி, மறுசாராரிடம் வருவோம். ‘நல்லவர்கள் கூடினால் நட்பு தானாகவே மலரும்; விதியும் கட்டுப்பாடும் எதற்கு?’ என்று கேட்கும் தாராண்மைவாதிகள் இவர்கள். கேட்பதற்கு இனிமையான இவ்வாதம் நடைமுறையில் வல்லானுக்குக் கொடுக்கப்படும் சாவியாகும்.

2014 ஆம் ஆண்டில் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் நடந்தேறியதை நினைவுகூர்வோம். விளையாட்டுகளில் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள் என விமர்சித்த பெண்களும், விளையாட்டுகளை ஆக்கிய பெண்களும் மாதக்கணக்காக வசைக்கும் கொலைமிரட்டலுக்கும் ஆளாயினர். அனிற்றா சார்க்கீசியன் என்ற விமர்சகர் அவ்வாண்டு ஒக்ரோபரில் யூற்றா மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் ஆற்றவிருந்த சொற்பொழிவு, கூட்டத்தினரைச் சுட்டுக்கொல்வதாக வந்த மிரட்டலினாற் கைவிடப்பட்டது. ஆயுதம் ஏந்தி வருவோரை மண்டபத்துள் தடுக்க அம்மாநிலச் சட்டம் இடங்கொடாது என்று அறிந்த பின்னரே அவர் அம்முடிவுக்கு வந்தார். ‘அரசியல் வேண்டாம், வெறும் விளையாட்டுத்தான்’ என்ற கோஷத்தின் நிழலிலேயே இத்தனையும் நடந்தன. யாருடைய அரசியல் வேண்டாம் எனப்பட்டது என்பது விளக்கத் தேவையில்லாதது.

வன்முறை இத்துணை முற்றாத இடத்திலும் ஒழுங்கமைப்பின் தேவை குறைவதில்லை. பிரித்தானியாவில் கொள்ளைநோய்க் காலத்தில் நாடக அரங்குகள் மூடப்பட்டிருந்தபொழுது, வேலையிழந்த நடிகர் இருவர் ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ விளையாட்டினுள் ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெட்’ நாடகத்தை மேடையேற்ற முயன்றனர். 2024 இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஹம்லெட்’ என்ற ஆவணப்படம் அம்முயற்சியைக் காட்டுகிறது. வசனம் பேசிக்கொண்டிருக்கும்பொழுதே வழிப்போக்கன் ஒருவன் சுட்டு வீழ்த்திவிட்டுப் போவான். விளையாட்டின் பொலிசார் வந்து துரத்துவர். அந்தக் களத்திலே கொல்லுதல் இலகு. ஒரு காட்சியை முடிக்கும்வரை எல்லோரையும் உயிரோடு வைத்திருத்தல் அரிது. அழைத்தல், ஒத்திகைக்கு நேரங்குறித்தல், காவல்நிற்றல், வந்த அந்நியனைப் பகைக்காது பங்காளியாக்குதல் என்னும் சலிப்பூட்டும் வேலைகளே அங்கு நாடகத்தைச் சாத்தியமாக்கின.

விதியற்ற குழுவிலே ஆட்சி இல்லை என்று எண்ணுவது பேதைமை. அமெரிக்கப் பெண்ணிலைவாதியான ஜோ ஃபிரீமன் 1970 ஆம் ஆண்டிலேயே, தமது இயக்கத்தின் சிறு குழுக்களை ஆராய்ந்து இதனைத் தெளிவுபடுத்தினார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான அமைப்பு இல்லாவிடத்தில் மறைவான அமைப்பு ஆளும். நண்பர்க்கு நண்பராயிருக்கும் ஒரு சிலர் முடிவுகளை எடுப்பர். அவர்களைக் கேள்விகேட்கவும் நீக்கவும் வழியிராது என்பது அவர் வாதத்தின் சாரம். இன்று பல ஆட்டக்குழுக்கள் கூடும் ‘டிஸ்கோர்ட்’ தளத்தின் அமைப்பே இதற்குச் சான்று. ஒவ்வொரு கூடத்துக்கும் உடைமையாளராக ஒரேயொரு கணக்கே பதிவாகும். அவர் சினந்தால், சலித்தால், கடவுச்சொல்லைத் திருடக் கொடுத்தால், ஆயிரம்பேரின் உழைப்பு ஒருவரின் கைவிரலிலே தொங்கும். எமது கிராமங்களின் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளுங்கூடத் தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக்குறிப்பு, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்பவற்றை வைத்திருக்கின்றன. அவற்றைக் கண்டு நகைக்கும் புதுமை விரும்பிகள், தாம் கூடும் இடத்தில் அரசாட்சி முடியாட்சியாக இருப்பதை ஏனோ காண்பதில்லை.

பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறையை ஆராய்ந்தவர் எலினோர் ஒஸ்ட்ரொம். 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவர். 1990 இல் வெளியான அவரது நூல் எடுத்தாளும் சான்றுகளுள் எமது நாட்டின் கல்லோயாத் திட்டமும் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அங்கு அமைப்பாளராக அனுப்பப்பட்ட பட்டதாரி இளைஞர், சங்கத்தை நிறுவிப் பலகை மாட்டுவதில் அவசரப்படவில்லை. முதலில் விவசாயிகளிடையே வாழ்ந்து, ஒரே வாய்க்காலில் நீர்பெறும் சிலரைக் கூட்டி, அவ்வாய்க்காலைத் துப்புரவாக்குவது போன்ற சிறு வேலைகளில் தொடங்கினர். நீருக்காகப் பகைத்தவர் நீரைப் பங்கிடத் தலைப்பட்டனர். வாய்க்காலும் விளையாட்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். பொருள் வேறு, ஆயின் பலருக்குப் பொதுவானதைச் சிலர் பறிக்காமற் காக்கும் பிரச்சினை ஒன்றே. ஒஸ்ட்ரொம் கண்ட நெறிகளும் எளியவை: உறுப்பினர் யாரென்பது தெளிவாயிருத்தல்; விதிக்கு உட்படுவோரே விதியை ஆக்குதல்; காவலர் மக்களுக்குப் பொறுப்புக் கூறுதல்; தண்டனை சிறிதிலிருந்து படிப்படியாகப் பெருகுதல்; பிணக்கைத் தீர்க்க அண்மையிலேயே ஓர் இடம் இருத்தல்.

இவற்றை அடியொற்றி, விளையாட்டும் படமுமாகக் கூடும் குழுவுக்கு இன்றியமையாதன எனச் சிலவற்றை நாம் வற்புறுத்துவோம்.

முதலாவது, புதிதாக வருபவருக்கு அன்றே ஒரு வேலை தரப்படல் வேண்டும். கூட்டத்தில் ஒருவராக நிற்பதாயினும் சரி, ஒலிப்பதிவைக் கேட்டுப் பிழை குறிப்பதாயினும் சரி. வரவேற்புரையிலும் பார்க்க வேலையே மனிதரைக் குழுவோடு பிணைக்கும். இரண்டாவது, விதிகள் ஒரு பக்கத்துக்குள் எழுதப்பட்டு எல்லோராலும் ஏற்கப்படல் வேண்டும். முதலில் எச்சரிக்கை, பின்னர் சில நாள் வாய்ப்பூட்டு, இறுதியிலேயே விலக்கல் என்னும் படிமுறை வேண்டும். தண்டித்தவரல்லாத மற்றொருவரிடம் முறையிடும் உரிமையும் வேண்டும். ஆயின் மிரட்டலும் சாதி, இன, பால் இழிவுரையும் இப்படிமுறைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு முதல் நாளே கதவு மூடப்படல் வேண்டும். மூன்றாவது, நெறியாளர் பதவி தவணைக்கு உட்பட்டதாய்ச் சுழன்றுவரல் வேண்டும்; சாவி ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. நான்காவது, படத்தின் முடிவிலே ஒவ்வொருவர் பெயரும் வருதல் வேண்டும். பிணமாகக் கிடந்தவர் பெயருங்கூட. பெயர் மறைக்கப்படும் இடத்திலேயே சுரண்டல் தொடங்குகிறது. ஐந்தாவது, சிறுவர் இருக்கும் குழுவில் பெரியவர் அவர்களோடு மறைவில் உரையாடுதல் தடுக்கப்படல் வேண்டும். முறைப்பாட்டைக் கேட்போருள் பெண் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆறாவது, ஒரு ரூபா வந்தாலும் அதன் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

இவை நட்பைக் கெடுக்கும் என்பார்க்கு நாம் கூறுவது ஒன்றே. வலிமையுடையவனுக்கு விதி இடைஞ்சல். புதியவனுக்கும் எளியவனுக்கும் அது நிழல்.

*

உள்வீட்டை இவ்வாறு திருத்தினாலும் மற்றொரு பெருங் கேள்வி எஞ்சி நிற்கிறது. வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது? தோழமையைப் பற்றி உருகும் விளம்பரகாரர் தொடவே தொடாத கேள்வி இதுவாகும்.

மெஷினிமா என்ற பெயரின் கதையையே பார்ப்போம். ஸ்கொட்லாந்து நாட்டுக் கலைஞரான ஹியூ ஹான்கொக் 2000 ஆம் ஆண்டில், இக்கலையில் ஈடுபட்டோர் கூடவும் கற்கவும் படங்களைப் பகிரவும் இப்பெயரில் ஓர் இணையத்தளத்தை அமைத்தார். சில ஆண்டுகளில் அது கைமாறி, அமெரிக்காவில் மெஷினிமா என்ற பெயருடைய வர்த்தக நிறுவனமாயிற்று. யூரியூப்பிலே இளைஞரின் காணொளிகளை ஒப்பந்தத்தின்கீழ்த் திரட்டி, விளம்பரம் விற்று, வருவாயிற் பங்கு கொள்வது அதன் தொழில். 2012 இல் கூகிளின் தலைமையில் 3 கோடி 50 இலட்சம் டொலர் அதில் முதலிடப்பட்டது. 2013 இன் தொடக்கத்தில் பிரித்தானிய இளைஞர் ஒருவர், தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு முடிவுக் காலமே கிடையாதென்பதை உணர்ந்து, காணொளி ஆக்குவதையே கைவிடுவதாக அறிவித்தார். மைக்ரோசொப்ட்டின் புதிய விளையாட்டுப் பொறியைப் புகழ்ந்து காணொளி வெளியிட இருவருக்கு 15,000 டொலரும் 30,000 டொலரும் கொடுத்துவிட்டு, அது காசுக்குப் பாடிய புகழென்பதை வெளிப்படுத்தச் செய்யாமையினால், 2015 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது. நண்பன் நண்பனுக்குக் கூறும் பரிந்துரை என்று கேட்போர் நம்பியது விளம்பரமாயிருந்தது. தோழமை விலைப்பொருளாகும்பொழுது முதலிற் சாவது நம்பிக்கையே.

2016 இல் வோர்னர் பிரதர்ஸ் அதனை வாங்கிற்று. 2019 ஜனவரியில், 1 கோடி 20 இலட்சம் சந்தாதாரரைக் கொண்டிருந்த அந்த யூரியூப் சனலின் காணொளிகள் யாவும் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன. ஆக்கியோர் பலர் தமக்கு முன்னறிவித்தல் கிடைக்கவில்லையென முறையிட்டனர். மூலப் பிரதியைத் தாமே வைத்திராதவர்க்கு இளமைக்கால உழைப்பு ஒரே நாளில் இல்லாததாயிற்று. அடுத்த மாதம் 81 ஊழியர் வேலையிழந்தனர். நூலகம் எரிவதன் வலியை அறிந்த மக்கள் நாம். இங்கு தீயில்லை, புகையில்லை, குற்றவாளியுமில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டது, அவ்வளவே.

ரூஸ்டர் டீத்தின் முடிவும் இதனின் வேறன்று. நண்பர் சிலராகத் தொடங்கிய அக்குழு 2014 இல் பெருநிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டு, பின்னர் கம்பனிகளின் இணைப்புகளால் வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் உடைமையாயிற்று. ‘சமூகம்’ என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அதன் ஆண்டு விழாக்களில் இரசிகர் தொண்டர்களாகவே உழைத்தனர். ஆயின் குறைந்த ஊதியம், அளவுக்கு மீறிய வேலைநேரம், இழிவான நடத்தை பற்றி முன்னாள் ஊழியர் ஒருவர் 2022 இல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். குடும்பம் என்ற சொல் சம்பளக் கோரிக்கையின் வாயை அடைக்கும் பஞ்சாகப் பயன்படுவதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம். ‘புனிதமான சேவை’ என்று எமக்குச் சொல்லப்படுவதும் அதே பஞ்சுதான். 2024 மார்ச் 6 ஆம் திகதி நிறுவனம் மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 150 பேர் வேலையிழந்தனர். மே மாதத்தில் தளம் நின்றுபோயிற்று. இடைப்பட்ட சில வாரங்களில், கூலியின்றி, ஆணையின்றி, இரசிகர்களே ஒருங்குகூடிக் காணொளிகளைப் பிரதிசெய்து ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய ஆவணகத்திற் சேர்த்தனர். உடைமையாளர் கைவிட்டதை உடைமையற்றோர் காத்தனர். 2025 பெப்ருவரியில், தொடக்கியவர்களுள் ஒருவரான பேர்னி பேர்ன்ஸின் நிறுவனம் அப்பெயரை வாங்கியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் தாம் பெற்ற பிள்ளையையே ஒருவர் சந்தையில் விலைகொடுத்து மீட்க நேர்ந்த விந்தையை எண்ணிப்பாருங்கள்.

‘கம்பனிகள் தடுக்கவில்லையே, அனுமதிக்கின்றனவே’ என்று ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. உண்மை, மைக்ரோசொப்ட்டும் பிளிசார்ட்டும் 2007 இல் இத்தகைய படங்களுக்கு எழுத்துமூல அனுமதி வழங்கின. அந்த அனுமதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். படத்தை விற்கலாகாது, கம்பனி விரும்பாத பொருள் இடம்பெறலாகாது, தந்த அனுமதியை எந்நேரத்திலும் எக்காரணத்துக்காகவும் மீளப்பெறும் உரிமை மைக்ரோசொப்ட்டுக்கு உண்டு. இதற்கு எமது மொழியில் உரிமை என்று பெயரில்லை. குடியிருக்க விட்டுவைத்தல் என்றே பெயர். அலெக்ஸ் ஷானின் படத்துக்குக் களமாயிருந்த ‘த மூவீஸ்’ விளையாட்டின் இணையத்தளமும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அதனை ஆக்கிய லயன்ஹெட் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 2006 இல் வாங்கி 2016 இல் மூடிற்று. வேறிடங்களிற் பிரதிசெய்யப்பட்டமையாலேயே அப்படம் இன்றும் காணக்கிடைக்கிறது.

‘மூலதனமிட்டவன் ஆள்வது நியாயந்தானே, விளையாட்டை ஆக்கியவனும் சேவையகத்துக்குச் செலவிடுபவனும் அவனல்லவா?’ என்பது கடைசி வாதம். விளையாட்டை ஆக்கியோர் கலைஞரும் பொறியியலாளருமான தொழிலாளர். அவர்களும் கணக்குப் புத்தகத்தில் அடிக்கப்படும் வரிகளே. களத்தை அமைத்த உழைப்பையும் களத்தில் உழைத்த உழைப்பையும் ஒருங்கே தனதென்று கூறுபவன் மூன்றாமவன். வேறு வழியே இல்லை என்பதும் பொய். ‘பிளெண்டர்’ என்ற அசைவூட்டக் கருவியை வைத்திருந்த நிறுவனம் 2002 இல் மூடப்பட்டபொழுது, அதனைப் பயன்படுத்தியோர் உலகெங்குமிருந்து ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதனைப் பொதுச்சொத்தாக்கினர். அன்றிலிருந்து யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும் கூடியதாய் அது வளர்ந்து வருகிறது. லத்வியா நாட்டவரின் ‘ஃப்ளோ’ என்ற படம் அக்கருவியாலேயே ஆக்கப்பட்டு, 2025 இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் பரிசை வென்றது. ஹொலிவூட்டின் பெருங் கம்பனிகளது படங்களும் அப்போட்டியில் இருந்தன. விளையாட்டை ஆக்குவதற்கும் ‘கோடோட்’ போன்ற திறந்த கருவிகள் இன்று உள்ளன. பொது நிலம் இருக்கிறது. அதில் குடியேறும் துணிவும் ஒழுங்குமே வேண்டப்படுவன.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, செய்யவேண்டியது யாது? கைத்தொலைபேசியைப் பறித்து மேசை இழுப்பறையில் வைப்பதால் இக்கேள்விகள் அடங்கிவிடப் போவதில்லை. மாணவர் எதனை விளையாடுகின்றனர் என்பதோடு யாரோடு, எவ்விதியின்கீழ் விளையாடுகின்றனர் என்பதையும் கேட்போம். தமிழ்ப் பாடத்தின் நாடகத்தை மேடையில் மட்டுமன்றி அவர்களறிந்த அக்களத்திலும் ஒருமுறை நடிக்கச் செய்வோம். ஒரு பாடசாலைக்கு ஒரு சிறு குழு, அக்குழுவுக்கு ஒரு பக்க விதி, ஒரு செயலாளர், ஒரு குறிப்பேடு. ஆக்கிய ஒவ்வொரு படத்துக்கும் கம்பனியின் தளத்துக்கு வெளியே மூன்று இடங்களில் பிரதி. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை உரத்து வாசிக்கும் பழக்கம். இவை பெருஞ் செலவு வேண்டாதவை. கைத்தொலைபேசியே இல்லாத மாணவனுக்கும் அக்குழுவிலே எழுத்தாளனாகவோ குரல் நடிகனாகவோ இடமிருத்தல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். இன்றேல் அதுவும் வசதியுள்ளோர் கழகமாகவே முடியும்.

விளையாட்டு வீண் என்று கூறுவோரும், விளையாட்டே விடுதலை என்று விற்போரும் ஒரே விளைவுக்கே துணைபோகின்றனர். முன்னவர் இளைஞரைத் தனியே விட்டு விலகுகின்றனர். பின்னவர் தனித்து நிற்கும் இளைஞரைத் திரட்டி விலைபேசுகின்றனர். கூடி உழைத்தவர் கையிலே குழுவின் சாவியும், விதியும், படத்தின் மூலப் பிரதியும் இருக்கட்டும். அவை இல்லாதவிடத்துத் தோழமை என்பது அடுத்த விற்பனை வரைக்குமான குத்தகையே.